நம்பிய மென்பொருள்மீது நாள்தோறும் எழும் ஐயம்: திருவல்லிக்கேணி டிடிபி கடை ஒன்றை முன்வைத்து

ஆய்வு எல்லை

கணினி வைரஸ்களைப் பற்றி இவ்வாய்வு எதுவும் சொல்லாது. அவற்றைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். காலையில் கணினியை இயக்கியதும் திரையின் வலப்பக்கக் கீழ்மூலையில் சிவப்புத் தலைப்போடு ஒரு பெட்டி எழுகிறது. பயனர் பல்லாண்டாக நம்பிப் பயன்படுத்திவரும் மென்பொருளைச் சுட்டி ‘ஆபத்து’ என்று அறிவிக்கிறது. ‘அலவ்’ பொத்தானை அழுத்தியதும் அடங்கிவிடுகிறது. மறுநாள் காலை, நேற்று நடந்தது எதுவுமே தெரியாததுபோல் மீண்டும் எழுகிறது. அந்தப் பெட்டி ஒன்றே இதன் ஆய்வுப்பொருள். சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லிப் பகல் முழுதும் எழும் பெட்டிகள் இதில் அடங்கா. அவற்றுக்குத் தனியே ஒரு முனைவர் பட்டம் தேவைப்படும்.

களம், சென்னைத் திருவல்லிக்கேணியில் மேன்ஷன்கள் நெருக்கியடித்து நிற்கும் தெரு ஒன்றில், ஜெராக்ஸ் மெஷினுக்கும் லேமினேஷன் மெஷினுக்கும் நடுவே இரண்டு கணினிகளை வைத்துப் பிழைக்கும் டிடிபி கடை. கடையின் பெயர், ஆன்ட்டிவைரஸின் பெயர், குற்றம் சாட்டப்பட்ட மென்பொருளின் பெயர் ஆகிய மூன்றும் ஆய்வு அறம் கருதி மறைக்கப்பட்டுள்ளன. தகவலாளிகள் மூவர்: கடை முதலாளியான அண்ணன், கல்யாணப் பத்திரிகை முதல் கோர்ட் அஃபிடவிட் வரை எல்லாவற்றையும் அடித்துத் தரும் அக்கா, கூப்பிட்டால் ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து பைக்கில் வரும் சர்வீஸ் தம்பி. மூவரும் ஜெராக்ஸுக்கு ஆள் வராத இடைவெளிகளில் மட்டுமே பேசினர். ஆதலின் நேர்காணல்கள் துண்டு துண்டாகவே கிடைத்தன.

தமிழ் ஆய்வேடு எதுவாயினும் வள்ளுவரைத் தொட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. பல ஆய்வேடுகளில் அவர் வலுக்கட்டாயமாக இழுத்துவரப்படுவதைக் கண்டிருக்கிறோம். இங்கே அவர் தாமாகவே வந்து நிற்கிறார். அரசன் ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பேசும் ‘தெரிந்துதெளிதல்’ அதிகாரத்தின் கடைசிக் குறள், அதாவது 510ஆம் குறள், ஆராயாமல் ஒருவனை நம்புவதும் நம்பிவிட்ட ஒருவன்மேல் பிறகு ஐயம் கொள்வதும் ஆகிய இரண்டுமே தீராத துன்பம் தரும் என்கிறது. முதல் காரியத்தைச் செய்பவர் பயனர். இரண்டாவதைச் செய்வது ஆன்ட்டிவைரஸ். இரண்டும் ஒரே நொடியில் ஒரே திரையில் நிகழ்வதற்குத்தான் ‘ஸ்டார்ட்டப்’ என்று பெயர்.

முதன்மைச் சான்று

கடை திறக்கும் நேரம். அக்கா சிஸ்டத்தை ஆன் செய்துவிட்டுச் சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றப் போகிறார். விண்டோஸ் எழுகிறது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன ஐகான்கள் ஒவ்வொன்றாக வந்து உட்காருகின்றன. கடைசியாகத் தமிழ் கீபோர்டு சாஃப்ட்வேரின் ஐகான் வருகிறது. அதன் பின்னாலேயே பெட்டியும் வருகிறது. அக்கா ஒரு கையில் ஊதுபத்தியோடு மறுகையால் மவுஸை நகர்த்தி, சாமி படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அழுத்துகிறார். பெட்டி மறைகிறது.

“அக்கா, அது என்ன சொல்லுச்சுன்னு படிச்சீங்களா?”

“எது சார்?”

“இப்ப ஒரு பெட்டி வந்துச்சே.”

“அதுவா? அது தினம் வரும் சார். அலவ் குடுத்தாப் போயிடும்.”

“அதுல என்ன எழுதியிருக்கும்?”

அக்கா சற்று யோசித்தார். “சிவப்பா இருக்கும்,” என்றார்.

அக்காவுக்கு அக்கறை இல்லை என்று அவசரப்பட்டு முடிவு கட்டுவோர், அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்க வேண்டும். பானி ஆண்டர்சன், ஆண்டனி வான்ஸ், ப்ராக் கிர்வன் உள்ளிட்ட அந்தக் குழு, ஆட்களை எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனுக்குள் படுக்கவைத்துக் கணினி எச்சரிக்கைகளைக் காட்டியது. ஒரே எச்சரிக்கையை இரண்டாம் முறை காட்டும்போதே, பார்ப்பதைக் கையாளும் மூளைப்பகுதிகளின் வேலை சட்டென்று குறைந்துபோனது. இரண்டாம் முறைக்கே இப்படி என்றால், வருடக்கணக்கில் பார்த்துவரும் அக்காவுக்குச் சிவப்பு நிறமாவது நினைவிருப்பது பாராட்டுக்குரியது. நிறத்தையும் வடிவத்தையும் ஒவ்வொரு முறையும் மாற்றிக் காட்டினால் இந்த மரத்துப்போதல் தள்ளிப்போகிறது என்பதும் அவர்கள் கண்டது. ஆன்ட்டிவைரஸ் நிறுவனங்களோ தம் சிவப்பை மாற்றுவதாக இல்லை.

எதிர்ச்சான்றும் உண்டு, மறைக்கக் கூடாது. தேவதத்த அகாவே, ஏட்ரியன் போர்ட்டர் ஃபெல்ட் என்ற இருவர் 2013இல் பிரவுசர்கள் காட்டிய 2.5 கோடிக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகளைக் கணக்கெடுத்தார்கள். தீம்பொருள், மோசடித் தளம் பற்றிய எச்சரிக்கைகளை மீறிப் போனவர்கள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் குரோம் காட்டிய எஸ்எஸ்எல் சான்றிதழ் எச்சரிக்கையை 70.2 விழுக்காடு முறை தாண்டிப் போயிருக்கிறார்கள். சான்றிதழ் எச்சரிக்கை ஒன்றுமில்லாத இடத்திலும் எழும் சாதி. மற்றவை அபூர்வமாக எழுபவை. மக்கள் எச்சரிக்கையை மதிக்கிறார்கள். எந்த எச்சரிக்கை என்பதில்தான் அவர்களுக்குத் தரம் பிரிக்கத் தெரிகிறது.

குற்றம் சாட்டப்பட்டவரின் நடத்தை

ஆன்ட்டிவைரஸின் தரப்பையும் கேட்பது முறை. இந்தத் தமிழ் கீபோர்டு சாஃப்ட்வேர் அப்படி என்னதான் செய்கிறது? அக்கா ஒரு விசையை அழுத்துகிறார். அது வேர்டுக்கோ பேஜ்மேக்கருக்கோ போய்ச் சேரும் முன்னரே வழிமறித்துப் பிடித்துக்கொள்கிறது. தமிழ் எழுத்தாக மாற்றுகிறது. ஏற்கெனவே போய்விட்ட எழுத்து இப்போது பொருந்தாவிட்டால், அக்காவின் பெயரில் தானே பேக்ஸ்பேஸ் அடித்து அழிக்கிறது. பிறகு புது எழுத்தை வேறொரு நிரலின் ஜன்னலுக்குள் திணிக்கிறது. இதற்காக விண்டோஸ் தரும் வசதிக்கு ஹூக் என்று பெயர். பேங்க் பாஸ்வேர்டு திருடும் கீலாகர் மாட்டிக்கொள்வதும் இதே ஹூக்கில்தான்.

குற்றப்பத்திரிகையை வாசித்துப் பாருங்கள். யாரும் கேட்காமல் தானே தொடங்குகிறது. தனக்கென்று ஜன்னல் எதையும் திறப்பதில்லை. கடிகாரத்தின் நிழலில் ஒளிந்திருந்து, கடையில் தட்டப்படும் ஒவ்வொரு விசையையும் ஒட்டுக்கேட்கிறது. கேட்டதை மாற்றி எழுதுகிறது. இ-கலப்பை, அழகி, என்எச்எம் ரைட்டர் என்று இணையத்தில் தமிழ் எழுதத் தொடங்கிய தலைமுறைக்குக் கைகொடுத்த கருவிகள் எல்லாமே இந்த வேலையைத்தான் செய்தன. விசையைப் பிடித்த பிறகு அதைத் திரையில் எழுதுகிறதா, யாருக்கேனும் அனுப்புகிறதா என்பது மட்டுமே கீபோர்டுக்கும் கீலாகருக்கும் உள்ள வேற்றுமை. அந்தப் ‘பிறகு’ வரை காத்திருந்தால் ஆன்ட்டிவைரஸ் வைத்திருப்பதில் பொருளில்லை.

இதோடு குடும்பப் பின்னணியும் சேர்ந்துகொள்கிறது. சிறு மென்பொருள்களை ஆட்டோஹாட்கீ போன்ற கருவிகளால் எழுதி, ஒரே எக்ஸி கோப்பாகக் கட்டித் தருவது வழக்கம். அப்படிக் கட்டப்படும் எல்லாக் கோப்புகளுக்கும் முன்பாதி ஒன்றேதான். உள்ளே வைக்கப்படும் கட்டளைகள் மட்டுமே வேறு. யாரோ ஒரு திருடன் அதே கருவியால் ஒன்றைக் கட்டி மாட்டிக்கொண்டால், அந்த முன்பாதியே திருட்டு அடையாளமாகப் பதிவாகிவிடுகிறது. கோப்பின் அளவைக் குறைக்க யுபிஎக்ஸ் போன்ற சுருக்கிகளைப் பயன்படுத்தினாலும் இதே கதி. தீம்பொருள் செய்வோர் தம் சரக்கை மறைக்கச் சுருக்கிகளை விரும்புவதால், சுருங்கியிருப்பதே சந்தேகத்துக்கு இடமாகிறது.

யார் செய்தது என்பதற்கு டிஜிட்டல் கையொப்பம் இருந்தால் சந்தேகம் பாதி குறையும். அந்தச் சான்றிதழுக்கு ஆண்டுதோறும் சில நூறு டாலர் கட்ட வேண்டும். தமிழுக்காக இலவசமாக மென்பொருள் எழுதித் தருபவர் அதையும் கைக்காசில் கட்ட வேண்டுமென்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். இதற்கும் மேலே ஒன்றிருக்கிறது. நார்ட்டனில் டபிள்யூஎஸ்.ரெபுடேஷன்.1 என்றொரு முத்திரை உண்டு. கோப்பு ஏதேனும் செய்தது என்று அதற்குப் பொருளில்லை. இதை அதிகம் பேர் வைத்திருக்கவில்லை, புதிதாகவும் இருக்கிறது, ஆகவே நல்லபேர் எடுக்கவில்லை என்று பொருள். விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீனும் ஏறத்தாழ இதே கணக்கைத்தான் போடுகிறது. உலகம் முழுவதும் பயன்படும் மென்பொருளுக்கு நற்பெயர் தானாக வந்துவிடும். பழைய டைப்ரைட்டர் முறையில் தமிழ் அடிக்கிற சில டிடிபி கடைகளுக்கு மட்டும் தேவைப்படும் மென்பொருளுக்கு அது எந்தக் காலத்திலும் வராது. சிறிய கூட்டத்துக்கு வேலை செய்வதே இங்கே முதல் குற்றம்.

பெயரிடு மரபு

தீம்பொருளுக்குப் பெயரிடும் மரபு ஒன்றை 1991இல் கேரோ என்ற ஆய்வாளர் குழு வகுத்தது. அம்மரபு இன்று வந்து நிற்கும் இடத்தை இலக்கண ஆர்வலர்கள் கவனிக்க வேண்டும். பெயரில் ‘ஜென்’ என்றிருந்தால், பொதுவாக இந்தச் சாயல் தெரிகிறது என்று கொள்க. ‘ஹியூர்’ என்றிருந்தால் ஊகம். மைக்ரோசாஃப்டின் பெயர்களில் ஆச்சரியக்குறிக்குப் பின் ‘எம்எல்’ என்று முடிந்தால், இது எங்கள் எந்திரத்துக்குத் தோன்றியது, ஏன் தோன்றியது என்று எங்களைக் கேட்காதீர்கள் என்று கொள்க. கேஸ்பர்ஸ்கை ஒரு படி மேலே போய், ‘நாட்-எ-வைரஸ்’ என்ற முன்னொட்டோடு சில மென்பொருள்களை எச்சரிக்கிறது. வைரஸ் அல்லாதது என்று தன் பெயரிலேயே சாட்சி சொல்லிக்கொண்டு வைரஸ் பெட்டியில் வந்து நிற்கும் பொருள் உலகில் வேறெங்கும் உண்டா என்பதைத் தத்துவத் துறையினர் ஆராயலாம்.

இதன் மறுகோடியில் இருப்பது எய்க்கார் கோப்பு. வெறும் 68 எழுத்துகள். யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யாது. ஆன்ட்டிவைரஸ் விழித்திருக்கிறதா என்று சோதிப்பதற்காகவே எழுதப்பட்டது. பார்த்தால் கத்த வேண்டும் என்று நிறுவனங்கள் தமக்குள் பேசிவைத்துக்கொண்டிருக்கின்றன. ஏறக்குறைய எல்லா ஆன்ட்டிவைரஸ்களும் ஒருமனதாக ஒத்துக்கொள்ளும் வைரஸ், வைரஸே அல்லாத இந்த ஒன்றுதான்.

கோட்பாடு

இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு சரியாகக் கண்டுபிடிக்க முடியாதா என்று அண்ணன் கேட்டார். முடியாது என்பது 1984லேயே நிறுவப்பட்டுவிட்டது. அமெரிக்கக் கணினியியலாளர் ஃப்ரெட் கோஹன் அந்த ஆண்டு எழுதிய கட்டுரையின் வாதத்தைக் கடை மொழியில் சொன்னால் இவ்வளவுதான்: எது வைரஸ், எது இல்லை என்று ஒருபோதும் பிசகாமல் சொல்லும் ஒரு நிரல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இப்போது நான் ஒரு நிரல் எழுதுகிறேன். அது முதலில் அந்த நீதிமானிடம் தன்னைப் பற்றியே கேட்கும். ‘நீ வைரஸ்’ என்று தீர்ப்பு வந்தால் பேசாமல் இருந்துவிடும். ‘நீ வைரஸ் இல்லை’ என்று வந்தால் உடனே பரவும். நீதிமான் எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடும். ஆகவே அப்படியொரு நீதிமான் இருக்க இயலாது.

அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, “நம்ம பில்டிங் வாட்ச்மேன் மாதிரின்னு சொல்லுங்க. தினம் வர்ற பால்காரரை நிறுத்திவச்சு யாருன்னு கேப்பான். பைக்கைத் தூக்கிட்டுப் போனவனுக்குக் கேட்டைத் திறந்துவிட்டு சல்யூட் வச்சான்,” என்றார். கோஹனின் தேற்றத்துக்கு இதைவிடத் தெளிவான உரை ஆய்வாளருக்குக் கிட்டவில்லை.

எண்ணிக்கையும் ஆன்ட்டிவைரஸுக்குப் பகை. ஒரு கணினியில் 3 லட்சம் கோப்புகள் இருப்பதாகவும், ஆன்ட்டிவைரஸ் லட்சத்துக்கு ஒன்றில் மட்டுமே தவறுவதாகவும் கொள்வோம். மனிதரில் அவ்வளவு துல்லியமானவர் யாருமில்லை. இருந்தும் மூன்று அப்பாவிகள் மாட்டுவார்கள். அந்தக் கணினியில் உண்மையான தீம்பொருள் ஒன்றுகூட இல்லையென்றால், எழுந்த மூன்று எச்சரிக்கையும் பொய். ஸ்டெஃபான் ஆக்சல்சன் என்பவர் 1999இல், ஊடுருவலைக் கண்டறியும் கருவிகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார். திருடர்கள் குறைவாக இருக்கும் ஊரில் காவலர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், பிடிபடுபவரில் பெரும்பாலோர் நல்லவராகவே இருப்பர்.

வரலாற்றுச் சுருக்கம்

இத்துறையின் வரலாற்றை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். 2007 மே மாதம் சைமன்டெக், சீன மொழி விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டு சிஸ்டம் கோப்புகளை ட்ரோஜன் என்று பிடித்து அடைத்தது; கணினிகள் மறுபடி எழவில்லை. 2008 நவம்பரில் ஏவிஜி, யூசர்32 என்ற அடிப்படைக் கோப்பைப் பிடித்தது. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபியின் 5958ஆம் எண் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் எஸ்விசிஹோஸ்ட்டை வைரஸ் என்றது. அந்தக் கோப்பு இல்லாமல் விண்டோஸ் நிற்காது; கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன; ஆஸ்திரேலியாவில் கோல்ஸ் கடைகளின் பில் மெஷின்கள் நின்றன. 2011 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டின் ஆன்ட்டிவைரஸ், கூகுளின் குரோம் பிரவுசரை வங்கித் திருட்டு ட்ரோஜன் என்று அறிவித்தது. தொழில் போட்டியின் விளைவு என்று இதைக் கருதியவர்கள், 2022 செப்டம்பரில் அதே மைக்ரோசாஃப்டின் டிஃபெண்டர் குரோமோடு தன் வீட்டுப் பிள்ளையான எட்ஜையும் சேர்த்துக் குற்றம் சாட்டியபோது தம் கருத்தை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஞானத்தின் உச்சம் 2012 செப்டம்பர்: சோஃபோஸ் தன் சொந்த அப்டேட் நிரலையே தீம்பொருள் என்று பிடித்தது. 2015 மார்ச்சில் பாண்டாவும் தன்னைத்தானே பிடித்துக்கொண்டது. தன்னை அறிதல் பற்றிச் சித்தர்கள் சொன்னதெல்லாம் இத்துறையில் நிறைவேறியிருக்கிறது.

நாள்தோறும் ஏன்?

தவறாகப் பிடிப்பது ஒரு செய்தி. ஒருமுறை அனுமதித்த பின்னும் மறுநாள் பிடிப்பது வேறு செய்தி. மேற்படி முன்னோடி ஆய்வாளர்கள் இந்த இரண்டாவதைத் தொடாமல் விட்டிருப்பது, இக்கட்டுரைக்குக் கிடைத்த நல்வாய்ப்பு.

அனுமதி என்பது எதற்குத் தரப்படுகிறது? அக்கா அந்த மென்பொருளுக்குத் தருவதாக நினைக்கிறார். ஆன்ட்டிவைரஸுக்கு மென்பொருள் என்ற ஒன்றே தெரியாது. அதற்குத் தெரிந்தவை இரண்டு: கோப்பின் விலாசம், கோப்பின் கைரேகை. கைரேகை என்பது எஸ்எச்ஏ-256 போன்ற ஒரு கணக்கு; கோப்பில் ஒரே ஒரு பைட் மாறினாலும் முழுவதும் வேறாகிவிடும். மென்பொருள் ராத்திரியில் தன்னைப் புதுப்பித்துக்கொண்டால், காலையில் அது புது ஆள். விலாசத்துக்கு அனுமதி தந்திருந்தால் புதுப்பித்தாலும் தப்பிக்கலாம். ஆனால் சில மென்பொருள்கள் ஒரே எக்ஸியாகக் கட்டப்பட்டவை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் டெம்ப் ஃபோல்டரில் ஏதோ ஓர் எண்ணைப் பெயராக வைத்துப் புது அறை ஒன்றை உண்டாக்கி, அதற்குள் தம்மை விரித்துக்கொண்டு வேலை செய்யும். மூடும்போது அறையையும் அழித்துவிடும். பைத்தானில் எழுதிக் கட்டப்படுபவை பல இப்படி. நேற்று அனுமதி பெற்ற விலாசம் இன்று உலகிலேயே இல்லை.

நம் கடை மென்பொருள் இந்த இனம். நாள்தோறும் காலையில் ஆன்ட்டிவைரஸ் பார்ப்பது, இதுவரை கண்டிராத விலாசத்திலிருந்து வந்து ஹூக் மாட்டும் ஓர் அந்நியனை. அதன் நினைவாற்றலை நாம் குறை சொல்வதற்கில்லை.

வேறு கடைகளில் வேறு காரணங்கள் இருக்கலாம். பெட்டியில் பளிச்சென்று தெரியும் பொத்தான் ‘இந்த முறை மட்டும்’ என்பதாகவும், ‘எப்போதும்’ என்பது கீழே சாம்பல் நிறத்தில் ஒரு வரியாகவும் இருக்கும். ரெஜிஸ்ட்ரியின் ‘ரன்’ பட்டியலிலும் ஸ்டார்ட்டப் ஃபோல்டரிலும் ஒரே மென்பொருள் இரண்டு தடவை பதிவாகி, பெட்டியும் இரண்டு தடவை வரும். எதெது எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்க்க, மார்க் ரஸ்ஸினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் செய்த ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவி இருக்கிறது. முதன்முறை திறப்பவர்களுக்குச் சற்று மயக்கம் வரும்; இத்தனை பேர் நம் கணினியில் குடியிருக்கிறார்களா என்று.

தம்பியின் தீர்வு

சர்வீஸ் தம்பி வந்தார். பெட்டியை ஒரு கணம் பார்த்தார். செட்டிங்ஸுக்குள் போய் ஏதோ செய்துவிட்டு எழுந்தார். இரண்டாவது கணினியில் அன்றோடு பெட்டி வருவது நின்றது.

“என்ன தம்பி பண்ணீங்க?”

“சி டிரைவையே எக்ஸ்க்ளூஷன்ல போட்டுட்டேன் சார். இனிமே சத்தமே வராது.”

எக்ஸ்க்ளூஷன் என்பது ‘இந்த இடத்தைப் பார்க்காதே’ என்று ஆன்ட்டிவைரஸுக்குத் தரும் கட்டளை. விண்டோஸ் இருப்பது, மென்பொருள்கள் இருப்பது, டவுன்லோடுகள் வந்து விழுவது எல்லாம் சி டிரைவில்தான். அந்தக் கணினியில் ஆன்ட்டிவைரஸ் இப்போது கண்ணைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கிறது. ஆண்டுச் சந்தா மட்டும் ஒழுங்காகக் கட்டப்படுகிறது. தம்பியைக் கண்டிக்கலாம் என்று வாயெடுத்தால், மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் கார்மக் ஹெர்லி 2009இல் எழுதிய கட்டுரை குறுக்கே வருகிறது. பாதுகாப்பு அறிவுரைகளை மக்கள் புறக்கணிப்பது அறியாமையால் அல்ல, அவற்றைப் பின்பற்றச் செலவாகும் நேரம் தவிர்க்கப்படும் இழப்பைவிட அதிகம் என்பதால், ஆகவே பொருளாதார நோக்கில் அது நியாயமே என்று அவர் வாதிட்டார். தம்பி ஹெர்லியைப் படித்ததில்லை. விசிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் அவருக்கு, படிக்காமலே அந்தக் கணக்கு தெரிந்திருந்தது.

சரியான தீர்வு என்ன என்று கேட்பவர்களுக்கு ஆய்வாளரிடம் விடை உண்டு. ஆனால் அது கேட்க அவ்வளவு இனிமையாக இராது. டெம்ப் ஃபோல்டரை விலக்குவது சி டிரைவை விலக்குவதற்கு அடுத்த மோசம். தீம்பொருள்களும் பெரும்பாலும் அங்கேதான் விரிந்துகொள்கின்றன. அதே மென்பொருள் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் முறையாக நிறுவிக்கொள்ளும் வடிவில் கிடைக்கிறதா என்று தேட வேண்டும். அங்கே நிர்வாகி அனுமதியின்றி வேறு யாரும் கைவைக்க முடியாது. கிடைத்தால், அந்த ஒரு கோப்பை மட்டும் விலக்கலாம். கோப்பைச் செய்தவரின் தளத்திலிருந்தே இறக்கியதா, யாரோ தந்த பென்டிரைவிலிருந்து வந்ததா என்று முதலில் நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும். வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினால் எழுபது ஆன்ட்டிவைரஸ்கள் வரை தீர்ப்புச் சொல்லும். பெரிய பெயர்கள் பேசாமலிருந்து, கேள்விப்படாத இரண்டொருவர் மட்டும் ‘ஜென்’, ‘ஹியூர்’ என்றால் பெரும்பாலும் பொய்ச் சத்தம். (அங்கே ஏற்றுபவை பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படும். டிடிபி கடைக்காரர்கள் வாடிக்கையாளரின் ஆதார் நகலைச் சந்தேகத்தின்பேரில் அங்கே ஏற்றிவிட வேண்டாம்.) பிறகு ஆன்ட்டிவைரஸ் நிறுவனத்துக்கே ‘இது தவறான எச்சரிக்கை’ என்று கோப்பை அனுப்பலாம்; அதற்கென்று படிவம் பல நிறுவனங்களிடம் இருக்கிறது. இதை அக்காவிடம் சொன்னபோது, “அலவ் குடுத்தா ஒரு செகண்ட்தான் சார்,” என்றார். மறுபடியும் ஹெர்லி.

எதிர்வாதம்

இவ்விடத்தில் ஆய்வேடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எச்சரிக்கைகள் வீண், பயனர் அறிவாளி, நிறுவனங்கள் அசடு என்ற முடிவோடு அனைவரும் தேநீருக்குப் போகலாம். குறுக்கே 3சிஎக்ஸ் நிற்கிறது.

3சிஎக்ஸ் என்பது அலுவலகங்களுக்கான தொலைபேசி மென்பொருள். 6 லட்சம் நிறுவனங்கள் தன்னைப் பயன்படுத்துவதாகச் சொல்லிக்கொண்டது. 2023 மார்ச் 22 முதல், சென்டினல்ஒன் என்ற பாதுகாப்பு மென்பொருள் அதன் டெஸ்க்டாப் செயலியைப் பிடிக்கத் தொடங்கியது. வாடிக்கையாளர்கள் பலர் இது வழக்கமான பொய்ச் சத்தம் என்றே எடுத்துக்கொண்டார்கள். நம்பகமான நிறுவனம், அதன் தளத்திலிருந்தே வந்த அப்டேட், அதன் சொந்த டிஜிட்டல் கையொப்பம்; சந்தேகப்பட என்ன இருக்கிறது? மார்ச் 29 அன்று உண்மை வெளியானது. எச்சரிக்கை சரி. வட கொரியாவோடு தொடர்புடையவர்கள் நிறுவனத்துக்குள்ளேயே புகுந்து, கையொப்பமிட்ட அப்டேட்டில் தீநிரலைச் சேர்த்திருந்தார்கள். அவர்கள் எப்படிப் புகுந்தார்கள் என்று துருவியபோது, 3சிஎக்ஸ் ஊழியர் ஒருவர் தம் சொந்தக் கணினியில் நிறுவியிருந்த, நிதிச்சந்தை வர்த்தகத்துக்கான வேறொரு மென்பொருள் அகப்பட்டது. அதுவும் முறையான நிறுவனத்தின் தளத்திலிருந்து வந்தது. அதற்குள்ளும் முன்பே தீநிரல் கலந்திருந்தது. அதற்கு முன் 2017இல், கணினியைச் சுத்தம் செய்வதற்கென்றே மக்கள் வைத்திருந்த சிகிளீனரின் 5.33ஆம் பதிப்பிலும் இதுதான் நடந்தது, ஏறத்தாழ 22.7 லட்சம் பேரிடம் அது போய்ச் சேர்ந்திருந்தது.

அந்த ஒரு வாரம் 3சிஎக்ஸ் வாடிக்கையாளர் திரையில் எழுந்த பெட்டிக்கும் நம் கடையில் எழும் பெட்டிக்கும் பார்வைக்கு என்ன வேற்றுமை? ஒன்றுமில்லை. பொய் சொல்லும் நாளில் எந்தக் குரலில் பேசுமோ அதே குரலில்தான் மெய் சொல்லும் நாளிலும் பேசும். இதைச் சரிசெய்யும் வழிகள் மேலே சொன்ன எஃப்எம்ஆர்ஐ ஆய்விலேயே கிடைக்கின்றன. என்றாலும் பெட்டி அப்படியே இருக்கிறது. அது ஏன் என்பதற்கு ஆய்வாளரின் கருதுகோள் இது: பெட்டி படிக்கப்படுவதற்காக எழுதப்பட்டதல்ல. சொன்னோம் என்று பிற்பாடு காட்டுவதற்காக எழுதப்பட்டது. ‘அலவ்’ அழுத்தும் ஒவ்வொரு காலையும் அக்கா ஒரு பத்திரத்தில் கைநாட்டு வைக்கிறார். நாளைக்கு ஏதேனும் ஆனால் பொறுப்பு அந்த விரலுடையது. கோர்ட் அஃபிடவிட்டுகளை வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று வாடிக்கையாளரிடம் தவறாமல் சொல்லும் அக்காவிடம் இக்கருதுகோளை விளக்கியபோது, அவர் முதன்முறையாகப் பெட்டியை முழுதாக வாசித்தார். வாசித்துவிட்டு, “இதுல ஆமாவும் இல்லையும்தான் சார் இருக்கு. தெரியலங்கறதுக்குப் பட்டன் இல்லையே?” என்றார்.

மேலாய்வுக்கான களங்கள்

அக்கா கேட்ட மூன்றாவது பொத்தான் தனி ஆய்வுக்குரியது. அழுத்தினால் என்ன ஆக வேண்டும் என்பது மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. யுபிஎஸ் எழுப்பும் ‘பீப்’, பிரிண்டர் ‘இங்க் குறைவு’ என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டே அச்சடித்துத் தருவது ஆகியவற்றையும் ஒப்பிட்டு ஆராயலாம்.

இதற்கிடையே அண்ணன் தம் முதல் கணினிக்குத் தாமே ஒரு தீர்வு கண்டிருக்கிறார். “சிஸ்டத்தை ஆஃப் பண்றதையே நிறுத்திட்டேன் சார். ஆஃப் பண்ணாத்தானே ஸ்டார்ட்டப்பு?” என்றார். கரண்ட் போகாத வரை இம்முறையில் குறை ஏதும் இல்லை என்பதை ஆய்வாளர் ஒப்புக்கொள்கிறார்.